மைன்கிராஃப்டில் அரிய பொருட்கள்: மண்டபத்துச் சர்வரில் சில வருட அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சில வருடங்களாக ஒரே மைன்கிராஃப்ட் உலகத்தில் விளையாடி வருகிறோம். கல்லும் மண்ணும் கட்டம் கட்டமாக இருக்கும் உலகத்தில் தோண்டி, பொருள் சேர்த்து, கட்டி விளையாடும் கணினி விளையாட்டு இது. ஜாவா பதிப்பு, மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர். பாதிப் பேர் ஊரில் இருக்கிறார்கள், மீதிப் பேர் துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் என்பதால், இங்கே பத்து மணி தாண்டினால்தான் சர்வர் களைகட்டும். ஒருவன் தினமும் வருவான், இன்னொருவன் வெள்ளிக்கிழமை மட்டும் வருவான். இப்படி ஏற்றத்தாழ்வான கூட்டம் ஒரே உலகத்தில் நீண்ட நாள் இருந்தால், அரிய பொருட்களை எடுக்கும் வழிகளில் எது நியாயம், எது விளையாட்டையே கெடுக்கிறது என்பது நன்றாகத் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் இதெல்லாம் தெரியாது. முதல் வாரத்தில் எல்லாமே அரிதுதான்.

ஒரு பொருளை எடுக்க ஒரே வழிதான் என்றால் அது கொஞ்ச நாளில் கூலி வேலை ஆகிவிடுகிறது. நாலு வழி இருந்து அதில் ஒன்று மட்டும் ரொம்பச் சுலபம் என்றால் மற்ற மூன்றையும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாலும் உயிரோடு இருக்க வேண்டும், நாலுக்கும் தனித்தனி விலை இருக்க வேண்டும். நான் இந்த விளையாட்டை எடைபோடுவது இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் டயமண்ட். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு உலகத்தின் அடித்தளத்தை உயரக் கணக்கில் மைனஸ் 64ஆம் மட்டம் வரை இறக்கியது. கீழே போகப் போக டயமண்ட் கூடும்படி வைத்தார்கள். அதோடு செய்த இன்னொரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: காற்றுப் படுகிற இடத்தில், அதாவது குகைச் சுவரில், டயமண்ட் குறைவாகவே தென்படும். கல்லுக்குள் மூடிக் கிடப்பதுதான் அதிகம். இதனால் குகையில் சுற்றுகிறவனுக்கு வேடிக்கையும் ஆபத்தும் நிறைய, டயமண்ட் கொஞ்சம். மைனஸ் 59 மட்டத்தில் நேர்கோட்டில் சுரங்கம் வெட்டுகிறவனுக்குச் சலிப்பு அதிகம், வருமானம் நிச்சயம். இரண்டு வழிக்கும் ஆள் இருக்கிறது. ஷார்ஜாவில் இருப்பவன் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, பாட்டைப் போட்டுவிட்டு நேராகச் சுரங்கம் வெட்டிக்கொண்டே போவான். அவனுக்கு அதுதான் ஓய்வு. எனக்குக் குகைதான்.

இதில், கருவிக்கு ஏற்றும் ஃபார்ச்சூன் என்ற மந்திரம் ஒரு நல்ல இழுபறியை உண்டாக்குகிறது. சாதாரணப் பிக்காசில் உடைத்தால் ஒரு கல்லுக்கு ஒரு டயமண்ட். ஃபார்ச்சூன் 3 இருந்தால் சராசரியாக 2.2, அதிர்ஷ்டம் அடித்தால் நாலு. அதனால் நாங்கள் கண்ணில் பட்ட டயமண்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு விளக்கு வைத்து, இடத்தைக் குழுவில் எழுதிப் போடுவோம். பொதுப் பெட்டியில் ஊருக்கென்று ஒரு ஃபார்ச்சூன் பிக்காசு கிடக்கும். வேண்டியவர் எடுத்துப் போய் வெட்டிவிட்டு வந்து திரும்ப வைக்க வேண்டும். கண்டவனுக்குப் பாதி, வெட்டியவனுக்குப் பாதி. இதுவரை பெரிய சண்டை வந்ததில்லை.

ஆனால் ஆளுக்கு ஒரு செட் கவசமும் கருவியும் செய்து முடித்ததும் டயமண்டுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். பெட்டி நிறையக் கிடக்கும். 2023 ஜூனில் வந்த 1.20 இதைச் சரிசெய்தது. டயமண்ட் கருவியை அதைவிட உறுதியான நெதரைட்டாக மாற்ற ஒவ்வொரு முறையும் டெம்ப்ளேட் என்ற அச்சு ஒன்று தேவை, அது ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். நெதர் எனும் நரக உலகத்துப் பாஸ்டியன் கோட்டையில் ஒன்று கண்டெடுத்தால், ஏழு டயமண்டும் ஒரு நெதர் கல்லும் செலவழித்து அதை இரண்டாக்கலாம். கவசம் நாலு, வாள், பிக்காசு, கோடாலி, மண்வெட்டி, களைக்கொட்டு என ஒன்பது உருப்படிக்குக் கணக்குப் போடுங்கள். கையில் ஒரு டெம்ப்ளேட் இருந்தால் இன்னும் எட்டு வேண்டும், அதற்கு 56 டயமண்ட். இந்த மாற்றம் வந்தபோது துபாய்க்காரன் கொதித்தான். எனக்கு அப்போதே நல்ல முடிவாகத்தான் பட்டது. செத்துக் கிடந்த சுரங்கங்களுக்கு மறுபடி ஆட்கள் போக ஆரம்பித்தார்கள்.

இனி நெதரைட். இந்த விளையாட்டிலேயே மிக அழகாகச் சமன் செய்யப்பட்ட பொருள் இதுதான் என்பது என் தீர்ப்பு. நெதரில் ஏன்ஷியன்ட் டெப்ரி என்ற கல் கிடைக்கும். 15ஆம் மட்டத்தை ஒட்டித்தான் அதிகம். காற்றுப் படும் இடத்தில் இது உருவாவதே இல்லை, ஆகவே சும்மா நடந்து போய்ப் பார்த்துவிட முடியாது. ஃபார்ச்சூன் இதில் செல்லாது. நாலு டெப்ரியை உருக்கி, நாலு தங்கக் கட்டி சேர்த்தால் ஒரு நெதரைட் கட்டி. ஒன்பது உருப்படிக்கு 36 டெப்ரி. ஆனால் இந்தக் கல் எந்த வெடிக்கும் அசையாது. சுற்றியுள்ள கல்லெல்லாம் சிதறும், இது மட்டும் அப்படியே நிற்கும். அதனால் பிக்காசு, கட்டில், டிஎன்டி எனும் வெடிகுண்டு என்று மூன்று வழி திறக்கிறது.

கட்டில் எப்படி என்றால், நெதரில் கட்டிலில் படுக்கப் போனால் அது வெடிக்கும். இதையே கருவியாக்கிக்கொண்டார்கள். சுரங்கத்தில் முன்னால் கொஞ்சம் வெட்டி, கட்டிலைப் போட்டு, நமக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கல்லை நிறுத்தி, அதன் மேல்விளிம்பு வழியாகக் கட்டிலைத் தொட வேண்டும். தடுப்புக் கல் ஒரு கட்டம் தள்ளிப் போனால் ஆள் காலி. வெடித்ததும் தீ பிடிக்கும், புகைக்குள் லாவா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு பழுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று கண்ணை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் மனசு அடித்துக்கொள்ளும். டிஎன்டிக்கு இந்தப் பதற்றம் கிடையாது. வரிசையாக அடுக்கித் தீ வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும்.

சுகமான வழி டிஎன்டிதான், எங்கள் உலகத்தில் பிரச்சினை வந்ததும் அதில்தான். ஒரு டிஎன்டிக்கு நாலு மணலும் ஐந்து வெடிமருந்தும் வேண்டும். 64 டிஎன்டி கொண்ட ஒரு கட்டுக்கு 256 மணல். வெடிமருந்து கிரீப்பர் என்ற அரக்கனைக் கொன்றால் வந்துகொண்டே இருக்கும், ஆனால் தோண்டிய மணல் திரும்ப வராது. எங்களில் ஒருவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறது என்று அதை முழுக்க அள்ளிவிட்டான். அந்தக் கரை எங்கள் ஆமைகளின் கரை. இந்த விளையாட்டில் ஆமை எங்கே பொரிந்ததோ அங்கேதான் திரும்ப வந்து முட்டையிடும், அதுவும் மணலில்தான். முட்டை பொரிந்து குட்டி வளரும்போது ஓட்டுச் சில்லு ஒன்று விழும். ஐந்து சேர்த்தால் தண்ணீருக்குள் கூடுதலாகப் பத்து வினாடி மூச்சுத் தரும் தலைக்கவசம். கடல் புல் கொடுத்து ஆமைகளைச் சேர்த்து வைத்தோம், அவை கரையேறி வந்தன, மண்ணும் கல்லுமாகக் கிடந்த இடத்தில் சுற்றிச் சுற்றி அலைந்தன. முட்டையிட ஒரு பிடி மணல் இல்லை. பங்குனி ஆமை கரையேறும் ஊரில் பிறந்தவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

“மாப்ள, மணல்தானே? பாலைவனத்துல கொட்டிக் கிடக்கு.”

“கொட்டிக் கிடக்கிற இடத்துல போய் அள்ளு மச்சான். ஆமை வர்ற கரையில ஏன் கை வைக்கிற?”

அன்று ராத்திரி வாய்ஸ் சாட்டில் வேறு பேச்சே இல்லை. ஆளுக்கு இத்தனை டெப்ரிதான் என்று உச்சவரம்பு வைக்கலாம் என்றான் ஒருவன். யார் எண்ணுவது என்று கேள்வி வந்தது. அப்போது எங்களில் ஒருவன் பேசினான். அவன் அம்மா கடல் பாசி எடுக்கப் போகிறவர். சின்னப்பாலம் பக்கமெல்லாம் பாசிக்குப் போகும் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு மாதத்தில் 12 நாள்தான் இறங்குவார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கையால்தான் பறிப்பார்கள், இரும்பை வைத்துப் பாறையைச் சுரண்டுவதில்லை. இத்தனை கிலோதான் என்று யாரும் சொல்வதில்லை. எதை வைத்து எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்பதுதான் கட்டுப்பாடு. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கும்போது நாட்டுப்படகு போகலாம் என்பதும் அதே கணக்குதானே என்றான் அவன். அதோடு உச்சவரம்பு யோசனை போயிற்று. டெப்ரிக்குக் கட்டில் மட்டும், டிஎன்டி வேண்டுமென்றால் தூரத்துப் பாலைவன மணலில் செய்தது மட்டும் என்று வைத்தோம். கட்டிலுக்கு வேண்டிய ஆட்டு ரோமம் வெட்ட வெட்ட வளரும், மரம் நட்டால் முளைக்கும், ஆகக் கட்டிலின் செலவு உலகத்தைக் காலியாக்குவதில்லை. கரையில் மணலையும் கொண்டுவந்து கொட்டினோம். எங்கள் சர்வரில் இன்று வரை யாரும் மீறாத விதி இது ஒன்றுதான்.

விளையாட்டு சறுக்கும் இடம் வியாபாரம். கருவி தேயாமல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள மெண்டிங் என்ற மந்திரப் புத்தகம் வேண்டும். வழக்கமான விதியில், வில்லேஜர் எனும் கிராமவாசி ஒருவன் முன்னால் புத்தகப் பலகையை வைத்து அவனைப் புத்தக வியாபாரி ஆக்கி, அவன் என்ன விற்கிறான் என்று பார்த்து, பிடிக்காவிட்டால் பலகையை உடைத்து மறுபடி வைக்கலாம். மெண்டிங் வரும் வரை இதையே செய்ய வேண்டியதுதான். காசுக்கும் பஞ்சமில்லை, 32 குச்சிக்கு ஒரு எமரால்டு தரும் வியாபாரி பக்கத்திலேயே இருப்பான். அப்புறம் யார் கோட்டை கோட்டையாகப் போய்ப் பெட்டி திறப்பார்கள், யார் தூண்டில் போடுவார்கள்? மற்ற இரண்டு வழியையும் இந்த ஒரே வழி விழுங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக 1.20.2 காலத்தில் ஒரு சோதனை விதியைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு நிலப்பகுதி வில்லேஜரும் வெவ்வேறு புத்தகம் விற்பான். மெண்டிங் சதுப்பு நிலத்தில் பிறந்தவனிடம் மட்டும், அதுவும் அவன் வியாபாரத்தில் உச்ச நிலையை எட்டிய பிறகுதான். சதுப்பு நிலத்தில் இயற்கையாகக் கிராமமே கிடையாது. ஆகவே வேறு ஊரிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோய்க் குடியேற்றி, அங்கே ஒரு பிள்ளை பிறந்து வளர வேண்டும். இப்போதைய உலகத்தை இந்த விதியோடுதான் தொடங்கினோம். படகில் ஒரு வில்லேஜரை உட்காரவைத்து, ஆறு நெடுகத் துடுப்புப் போட்டு, பொழுது சாய்ந்தால் கரையோரம் அவனைச் சுற்றிச் சுவர் எழுப்பி, விடிந்ததும் மறுபடி கிளம்பிப் போன அந்தப் பயணம்தான் இந்தச் சர்வரில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த ஞாபகம். வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவன்கூட அதற்காக லீவு நாளில் வந்து உட்கார்ந்தான். ஒருமுறை ஆள் குடியேறிவிட்டால் மறுபடி எல்லோருக்கும் மலிவுதான், அந்தக் குறை அப்படியே இருக்கிறது. இருந்தாலும் பழைய விதியைவிட இது எவ்வளவோ மேல்.

கடல் பக்கம் வந்தால் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். தூண்டிலைச் சரியாகத் திருத்தியிருக்கிறார்கள். முன்பு வீட்டுக்குள் ஒரு கட்டத் தண்ணீரில் இயந்திரம் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் மந்திரப் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். 2020இல் வந்த 1.16க்குப் பிறகு மிதவையைச் சுற்றி 5க்கு 4க்கு 5 என்ற அளவில் திறந்த நீர் இல்லையென்றால் புதையல் வகை எதுவும் சிக்காது, மீனும் குப்பையும்தான். நல்ல சரக்கு வேண்டுமென்றால் கடலுக்குப் போ என்கிறது விளையாட்டு. எனக்கு முழுச் சம்மதம்.

ட்ரைடென்ட் எனும் திரிசூல ஆயுதத்தின் விஷயத்தில் கஞ்சத்தனம் கொஞ்சம் அதிகம். டிரௌண்டு எனும் கடல் பிணங்களில் 6.25 சதவீதம்தான் அதை ஏந்தி வரும், கொன்றால் கீழே விழ வாய்ப்பு 8.5 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 190இல் ஒன்று. கொன்றதும் கூடுதலாகப் பொருள் விழவைக்கும் லூட்டிங் 3 மந்திரத்தை வாளில் போட்டாலும் 8.5 என்பது 11.5 ஆகும், அவ்வளவுதான். சாதாரண ஜாம்பியைத் தண்ணீரில் மூழ்கடித்து மாற்றினால் அது ஏந்தி வராது, ஆகக் குறுக்கு வழியும் இல்லை. குறுக்கு வழி இல்லாதது நல்லதுதான், ஆனால் 1.21 பதிப்பு வரை வேறு நேர் வழியும் இல்லை; அதில் வந்த டிரையல் சேம்பர் எனும் நிலத்தடிச் சோதனைக் கூடங்களின் பெட்டகங்களிலும் இது அபூர்வமாகத்தான் கிடைக்கும். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் வருகிறவன் எத்தனை பிணத்தைத் துரத்துவான்? மாதக்கணக்கில் துரத்தியும் வெறுங்கையோடு இருக்கிறவன் எங்களில் இருக்கிறான்.

இரும்பு, தங்கம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பண்ணை கட்டினால் தானாகக் கொட்டும். கட்டுமானத்துக்கு வேண்டியதுதான், கொட்டட்டும்.

கடைசியாக எலிட்ரா, அதாவது ஆள் பறக்க உதவும் சிறகு. எண்டு எனும் தனி உலகத்தில் ஒரு கப்பலுக்கு ஒரு ஜோடிச் சிறகு. முதலில் போனவன் பக்கத்துக் கப்பல்களை எல்லாம் காலி செய்துவிட்டால் பின்னால் வருகிறவன் வெகுதூரம் போக வேண்டும், அதுவும் சிறகு இல்லாமல். எங்கள் ஏற்பாடு இது: ஏற்கெனவே சிறகு இருப்பவன் இன்னொரு கப்பலைக் கண்டால் தொடாமல் இடத்தை எழுதி வைக்க வேண்டும், அடுத்து வரிசையில் இருப்பவனைக் கூட்டிப்போக வேண்டும். 2024 ஜூனில் 1.21இல் வந்த டிரையல் சேம்பர் பெட்டகங்கள் இதே சிக்கலை விளையாட்டுக்குள்ளேயே தீர்த்துவிட்டன. ஒரு பெட்டகம் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை திறக்கும். நேற்றே ஒருவன் திறந்துவிட்டான் என்பதால் இன்று வருகிறவனுக்கு நஷ்டமில்லை. கப்பல் சிறகுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தால் எங்கள் வரிசைப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

நண்பர்களோடு புதிதாகச் சர்வர் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. வில்லேஜர் வியாபாரச் சோதனை விதி வேண்டுமென்றால் உலகத்தை உருவாக்கும்போதே அதை இயக்கிவிடுங்கள், வீடெல்லாம் கட்டிய பிறகு யோசிக்கும் விஷயம் இல்லை அது. முதல் வீட்டைக் கட்டும் முன் ஆமைக் கரை எது என்று பார்த்து, சுற்றி வேலி போட்டு விடுங்கள்.