ஜிப்சி இன்ஜினுக்கு எந்த ஆயில் பம்ப்: ஸ்டாண்டர்டா, பிரஷர் ஏற்றியதா, டிரை சம்பா?

என் மாருதி ஜிப்சியின் 1,298 சிசி ஜி13பிபி இன்ஜினை இரண்டாவது முறையாகப் பிரித்துக் கட்டி முடித்திருக்கிறேன். முதல் முறை ஓவர்சைஸ் பிஸ்டன், ஹெட் வேலை, வேறு கேம்ஷாஃப்ட் என்று தாராளமாகச் செலவு செய்தேன். ஆயில் பம்புக்கு மட்டும் ரிலீஃப் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டு பிரஷர் ஏற்றினால் போதும் என்று லேத்காரர் சொன்னார், நானும் சரி என்றேன். மூன்றாவது மட் ரேஸில், ஒரு நீளமான இடது வளைவில் ஆயில் பிரஷர் கேஜ் முள் சட்டென்று படுத்து, நேராக வந்ததும் எழுந்தது. இரண்டு வாரம் கழித்து பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) தட்டத் தொடங்கியது. பிரித்தால், பேரிங் ஷெல் முழுக்கக் கோடு; கிராங்க் பின் நீலம் பாய்ந்து கிடந்தது.

அதனால் இந்த முறை பம்பைத்தான் முதலில் யோசித்தேன்.

வாஷர் போடும் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பிரஷர் மிஞ்சினால் திறந்து எண்ணெயைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு என்பது பிரஷருக்கு ஓர் உச்சவரம்பு, அவ்வளவுதான். ஸ்பிரிங்கை இறுக்கினால் அந்த வரம்பு உயரும். சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது வால்வு மூடித்தான் இருக்கிறது. அங்கே பிரஷர் குறைவாக இருந்தால் காரணம் பேரிங் இடைவெளியோ, பம்புக்குள் சுற்றி எண்ணெயைத் தள்ளும் ரோட்டர் தேய்ந்ததோதான். வாஷர் அதைத் தொடாது. காலையில் கெட்டியான எண்ணெயோடு ஸ்டார்ட் செய்யும்போது ஃபில்டரின் ரப்பர் சீல் மேல் கூடுதல் சுமை விழுவதுதான் மிச்சம்.

ஒரு சுற்றுக்கு அதிக எண்ணெய் தள்ளும் ஹை வால்யூம் பம்ப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்க வி8 இன்ஜின்களிலிருந்து வருகிறது. பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் பம்பைச் சுற்றுவது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. நம் ஜி13-இல் உள் ரோட்டர் கிராங்க்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் 6,500 ஆர்பிஎம் போனால் பம்பும் 6,500. மேல் வேகத்தில் தேவைக்கு மேலேயே தள்ளுகிறது. மிஞ்சியது ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பி வருகிறது. பம்பைப் பெரிதாக்கினால் அந்த வீண் சுற்றல்தான் கூடும். எண்ணெய் சூடாகும், இன்ஜினின் சக்தியும் கொஞ்சம் அதிலே போகும். பேரிங் இடைவெளியை வேண்டுமென்றே அதிகமாக விட்டுக் கட்டுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். நான் அப்படிக் கட்டவில்லை. ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கையே வைத்துக்கொண்டேன்.

சம்ப் என்பது இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. எண்ணெயை அங்கே தேங்க விடாத டிரை சம்ப் என்ன என்று புரிய பழைய இரும்பு பேரல் புல்லட்டை நினைத்துக்கொண்டால் போதும். அதில் எண்ணெய் தனி அறையில் இருக்கும், ஃபீட் பம்ப் ஒன்று, ரிட்டர்ன் பம்ப் ஒன்று. காருக்கு அதையே பெரிதாகச் செய்தால் வெளியே பெல்ட்டில் ஓடும் பல அடுக்குப் பம்ப், உயரமான டேங்க், தடித்த ஹோஸ்கள். பம்புக்கு எண்ணெய் கிடைக்காமல் போகும் எண்ணெய் பசிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட வண்டியை நான் பக்கத்தில் நின்று பார்த்ததுதான், ஓட்டியதில்லை. ஆனால் சேற்றில் முழங்கால் ஆழம் இறங்குகிற வண்டியில் அந்த பெல்ட்டுக்குள் ஒரு கல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குப் போகவே இல்லை.

முடிவைத் திருப்பியது கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் அண்ணன். கேஜ் முள் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்க தோப்புக் கெணத்துல ஃபுட் வால்வு தண்ணிக்கு மேல வந்துட்டா மோட்டார் என்ன பண்ணும்?" என்றார். காற்று வாங்கும் என்றேன். "அப்ப பத்து எச்பி மோட்டார் மாட்டுனா?" என்றார். கோபாலபுரத்தில் தென்னை வைத்திருக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வளைவில் என் பம்ப் செய்தது அதுதான். எண்ணெய் சம்ப்பின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது. சம்ப்பிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்று வாங்கியது. இறுக்கின ஸ்பிரிங் காற்றை வைத்து என்ன செய்யும்?

ஆகவே புது ஸ்டாண்டர்ட் பம்ப்பையே வாங்கினேன், மிச்சப் பணத்தையும் நேரத்தையும் உறிஞ்சும் பக்கத்தில் போட்டேன். புதுசு என்று அப்படியே மாட்டவில்லை. பின்தகட்டைக் கழற்றி, ரோட்டர்கள் மேல் நேர்விளிம்பு ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். பக்க இடைவெளிக்கு 0.15 மி.மீ.தான் எல்லை, இதில் 0.05 கூட நுழையவில்லை.

பிறகு சம்ப். பிக்கப்பைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்நோக்கி மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள் வைத்தோம். எண்ணெய் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓட முடியாது. பிக்கப் வாய்க்கும் சம்ப் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஓர் உருண்டையாக அடியில் ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பை மாட்டிக் கழற்றினோம். நசுங்கிய களிமண்ணை வெர்னியரில் அளந்தால் 4 மி.மீ. அது ரொம்ப நெருக்கம். சம்ப் அடியில் கல் இடித்து உள்ளே தள்ளியிருந்தது. தட்டி நிமிர்த்தி 8 மி.மீ. ஆக்கினோம். குழாய் பம்போடு சேரும் இடத்து ஓ ரிங்கையும் மாற்றினேன். அது இறுகிப்போனால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, உள்ளே காற்றுதான் போகும். அதனாலேயே பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ரோட்டர்களுக்கு இடையே வாசலின் அடைத்து மூடினேன். முதல் சுற்றிலேயே பம்ப் எண்ணெயைப் பிடிக்க அது உதவும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்‌ஷனையும் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினோம். சில நொடிகளில் முள் எழுந்தது. அதன் பிறகுதான் பிளக் மாட்டினேன்.

இதுவரை இரண்டு மட் ரேஸ் ஓடியாயிற்று, அதே இடது வளைவும் அதில் இருந்தது. முள் லேசாக ஆடியது, படுக்கவில்லை. சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்குக் கதவு வைத்த சம்ப் கூட வேண்டாம். புது பம்ப், புது ஓ ரிங், களிமண் சோதனை, இவை போதும். தார் ரோடு சர்க்யூட்டில் ஒட்டும் டயர் போட்டு நீண்ட வளைவுகளில் ஓட்டுகிறவர் என்றால் டிரை சம்ப் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எதை மாட்டினாலும் சம்ப்புக்கு சிலிக்கான் பேஸ்ட்டைக் கையை அடக்கித் தடவுங்கள். என் பழைய பிக்கப்பின் வலையில் பாதியை அடைத்திருந்தது அந்தச் சிவப்புப் பிசிறுதான்.