நாக்கா, என்பிஏவா: பொறியியல் சேரும் முன் எதைப் பார்ப்பது?

கல்லூரி விளம்பரங்களில் 'நாக் ஏ++' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சரி, அது எதற்குக் கிடைத்த தரம்? 1994இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தொடங்கிய தர மதிப்பீட்டு அமைப்பான நாக் (NAAC), பெங்களூரிலிருந்து இயங்குகிறது. நிர்வாகம், நூலகம், ஆராய்ச்சி என மொத்தக் கல்லூரியையும் சேர்த்து மதிப்பிடுகிறது.

பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான என்பிஏ (NBA) அப்படியில்லை. மெக்கானிக்கல், சிவில் என ஒவ்வொரு படிப்பையும் தனியாகப் பார்க்கிறது. படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறது. ஒரே வளாகத்தில் ஒரு துறைக்கு இந்த அங்கீகாரம் இருக்கும், பக்கத்துத் துறைக்கு இருக்காது. 2014இல் இந்தியா, பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினரானது இந்த என்பிஏ வழியாகத்தான்.

கலை அறிவியல் கல்லூரி என்றால் நாக் போதும். பொறியியலுக்கு நான் முதலில் பார்ப்பது என்பிஏதான். அதுவும் நீங்கள் சேரப்போகும் துறைக்கு, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று.