கிராஃபைட்டுக்குள் பொட்டாசியமா, கால்சியமா?

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை எவ்வளவு குளிர வைத்தாலும் மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) ஆகாது. அதன் கார்பன் அடுக்குகளுக்கு நடுவே உலோக அணுக்களை நுழைத்தால் கதை மாறுகிறது.

பொட்டாசியத்தை நுழைப்பது சுலபம். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் போதும், கருப்புக் கிராஃபைட் பொன்னிறமாகிவிடும். 1965-லேயே இதில் மீக்கடத்தல் தெரிந்தது. ஆனால் சுமார் 0.14 கெல்வினில்தான், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸில். அந்தக் குளிருக்குத் தனிக் கருவி வேண்டும்.

கால்சியம் அப்படிச் சட்டென்று உள்ளே போகாது. உருகிய லித்தியம்-கால்சியம் கலவையில் 350 டிகிரி செல்சியஸில் பத்து நாள் ஊறவைக்கிறார்கள். பலன்? 11.5 கெல்வின்! 2005-ல் வந்த இந்த எண் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. திரவ ஹீலியம் தரும் 4.2 கெல்வின் குளிரே இதற்குத் தாராளம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பொட்டாசியம் பெரிய அணு; அடுக்கு இடைவெளியை 0.335-லிருந்து 0.535 நானோமீட்டருக்கு விரித்துவிடுகிறது. கால்சியத்தில் அது 0.452 மட்டுமே. தவிர, கால்சியத்திடம் கொடுக்க இரண்டு எலெக்ட்ரான்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி அடுக்குகளுக்கு இடையிலேயே தங்கி, அணு அதிர்வுகளோடு வலுவாகப் பிணைகிறது. பொட்டாசியத்தில் இந்தப் பிணைப்பு பலவீனம்.

சரி, இடைவெளி குறைந்தாலே போதுமா? போதாது. லித்தியம் இன்னும் நெருக்கமாக உட்காரும், ஆனாலும் அந்தக் கிராஃபைட் மீக்கடத்துவதில்லை. என் ஓட்டு கால்சியத்துக்கே.