ஹோட்டல் மேனேஜ்மென்ட் பி.எஸ்சி.: கட்டும் ஃபீஸுக்குத் தகுந்த படிப்புதானா?

தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஐ.எச்.எம். (இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட்) சென்னை போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் நடக்கும் மூன்று வருட பி.எஸ்சி. ஹாஸ்பிடாலிட்டி அண்ட் ஹோட்டல் அட்மினிஸ்ட்ரேஷன் பற்றிய மதிப்பீடு இது. இதே அச்சில் நடக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல படிப்புதான், ஆனால் அதன் உயிர் கல்லூரிக்குள் இல்லை. ஹோட்டலில் கழிக்கும் பயிற்சிக் காலத்தில் இருக்கிறது. அந்தப் பயிற்சியை ஒழுங்காக நடத்தாத கல்லூரிக்கு எவ்வளவு பளபளப்பான கட்டடம் இருந்தாலும் பணம் கட்ட வேண்டாம்.

சேர்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு என்.சி.எச்.எம். ஜே.இ.இ.; 2019 முதல் தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்துகிறது. பாடத்திட்டம் 1982-ல் தொடங்கப்பட்ட, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்புக்கான தேசிய கவுன்சிலுடையது. முன்பு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கொடுத்த பட்டத்தை இப்போது டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கொடுக்கிறார்கள். மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ போகிறவர்களுக்குப் பட்டத்தின் மதிப்பில் குழப்பம் வராது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் நேராக டிரெய்னிங் கிச்சனுக்குப் போங்கள். முதல் வருடம் அடிப்படைச் சமையல், அடுத்து நிறையப் பேருக்குச் சமைக்கும் மொத்தச் சமையல், கடைசி வருடம் உயர்நிலைச் சமையல் என்று படிப்படியாக ஏறும் பாடம் இது. ஒவ்வொரு படியிலும் மாணவன் கையில் கத்தி இருக்க வேண்டும். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், அடுப்பு எத்தனை என்று கேளுங்கள். ஆளுக்கொரு அடுப்போ, இரண்டு பேருக்கு ஒன்றோ இருந்தால் நல்லது. முப்பது பேருக்கு ஆறு அடுப்பு என்றால் ஆசிரியர் சமைப்பார், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். நறுக்கும் பலகைகளையும் பாருங்கள். பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை என்று பிரித்து வைத்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைப் பலகையாகவோ, நிறப் பலகைகள் கீறலே இல்லாமல் புதுசாகவோ இருந்தால் அங்கே பிராக்டிக்கல் நடப்பதில்லை. ஆசிரியர்களில் கவுன்சிலின் ஆசிரியர் தகுதித் தேர்வான என்.எச்.டி.இ.டி. எழுதியவர்கள் யார், ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் யார் என்றும் விசாரியுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இனி பயிற்சிக் காலம். இரண்டாம் வருடத்தில் பாதி வகுப்பு ஒரு செமஸ்டரிலும் மீதிப் பாதி அடுத்த செமஸ்டரிலும் ஹோட்டலுக்குப் போவது வழக்கம். பல பேட்ச்கள் பின்பற்றிய கவுன்சில் கணக்குப்படி மொத்தம் 17 வாரம்: கிச்சன் 4, ரெஸ்டாரண்ட் சர்வீஸ் 4, ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) 4, ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு கவுண்டர்) 3, மற்றவை 2. வாரத்துக்கு ஆறு நாள் என்று 102 நாள் வேலை. காகிதத்தில் அருமையான பங்கீடு.

நடைமுறையில் கெடுவது துறை விட்டுத் துறை மாறும் இந்தச் சுழற்சிதான். கல்யாண சீசனில் பெரிய விருந்துகளைக் கவனிக்கும் பேங்க்வெட்டுக்கு ஆள் போதாது. டிரெய்னி வந்தால் நேராக அங்கே நிறுத்திவிடுவார்கள். சர்வீஸுக்கான நாலு வாரம் ஏழாகும், எட்டாகும். ஸ்பூன், ஃபோர்க்கைத் துடைப்பதிலும் நாற்காலிக்கு உறை மாட்டுவதிலும் பயிற்சி முடிந்துவிடும். கிச்சனில் பூண்டு உரிப்பது, ஃப்ரண்ட் ஆபீஸில் பெட்டி தூக்குவது என்று மற்ற இடங்களிலும் இதே கதை. இந்த வேலைகளில் இழிவு எதுவும் இல்லை, எல்லாரும் செய்யத்தான் வேண்டும். நான்கு மாதமும் அது மட்டுமே என்றால்தான் அநியாயம். சம்பளம் இல்லாமலோ சொற்ப ஸ்டைபண்டிலோ கிடைக்கும் ஆளை ஹோட்டல் விடாது. பேச வேண்டியது கல்லூரி. பயிற்சியின் நடுவில் ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காத கல்லூரியால் பேசவே முடியாது.

ஹவுஸ்கீப்பிங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூம் பாய்க்கு ஷிஃப்டுக்கு 14 முதல் 16 அறை வரை கொடுப்பது பல ஹோட்டல்களில் வழக்கம். டிரெய்னியை அவருடன் அனுப்பினால், டிரெய்னியைப் பாத்ரூம் கழுவ விட்டுவிட்டு ரூம் பாய் படுக்கையைப் போடுவார். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பையனோ பெண்ணோ 45 டிகிரியில் பெட்ஷீட் மூலை மடிக்கக்கூடக் கற்பதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, எந்த அறையில் ஆள் இருக்கிறார், எது காலி என்று நேரில் பார்த்து எழுதும் ரூம் ரிப்போர்ட் கண்ணிலேயே படாமல் போவது. உதாரணமாக, ஃப்ரண்ட் ஆபீஸ் கணக்கில் ஆள் இருக்கும் அறை, போய்ப் பார்த்தால் காலி. இதற்கு இரண்டு காரணம் உண்டு. பணம் கட்டாமல் கெஸ்ட் கிளம்பியிருந்தால் அது ஸ்கிப்பர். பணம் கட்டித்தான் போனார், கவுண்டரில் அப்டேட் செய்ய மறந்துவிட்டார்கள் என்றால் அது ஸ்லீப்பர். முதலாவதில் பில் தொகை போச்சு. இரண்டாவதில் விற்றிருக்க வேண்டிய அறை ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடக்கும். இதைப் பிடிக்கத் தெரிந்தவரைத்தான் பின்னால் சூப்பர்வைசராக்குவார்கள். பாத்ரூமில் மட்டும் நின்றவருக்கு இது கடைசிவரை பிடிபடாது.

கல்லூரியை எடைபோட எளிய வழி, போன பேட்ச் மாணவர்கள் பயிற்சியின்போது தினசரி வேலையைக் குறித்துவைத்த லாக்புக்கைக் கேட்பது. தினம் எழுதியதா, கடைசி நாள் ராத்திரி ஒரே பேனாவில் எழுதித் தள்ளியதா என்பது இரண்டு பக்கம் புரட்டினாலே தெரியும். ஹோட்டலின் துறைத் தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் ஒரு வரிக் குறிப்பும் இருந்தால் அந்தக் கல்லூரியை நம்பலாம். ஸ்டைபண்ட் எவ்வளவு, சாப்பாடும் யூனிஃபார்மும் யார் பொறுப்பு, மதியம் வேலை, நடுவில் இடைவெளி, மறுபடி ராத்திரி வேலை என்ற பிரேக் ஷிஃப்ட் உண்டா, ராத்திரி ஷிஃப்ட் முடிந்த பெண்களை யார் கொண்டுபோய் விடுவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

‘இதெல்லாம் மூன்று வருடம் படிக்க வேண்டிய வேலையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஹாஸ்பிடாலிட்டி துறையின் வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பேராசிரியர் டாம் பாம், ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். இந்த வேலைகளைத் திறன் குறைந்தவை என்று முத்திரை குத்துவது மேற்கத்தியப் பார்வை என்பது அவர் வாதம். நமக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மேற்கில் சர்வருக்குக் கத்தியும் முள்கரண்டியும், வைன் கிளாஸும், விருந்தாளி பேசும் பேச்சும் வீட்டுப் பழக்கத்திலேயே வந்துவிடும். தமிழ் மீடியத்தில் படித்து, வாழை இலையில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அத்தனையையும் புதிதாகக் கற்க வேண்டும். ஆறு வாரக் குறுகிய பயிற்சி தட்டு எடுத்து வைக்கப் போதும். விருந்தாளி எதிரில் தயங்காமல் நின்று பேச நாள் பிடிக்கும். மூன்று வருடம் அதற்குத்தான்.

‘100 சதவீதம் பிளேஸ்மென்ட்’ விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹோட்டலில் ஆள் தேவை எப்போதும் உண்டு என்பதால் வேலை கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. என்ன பதவி, ஹோட்டலின் நேரடி ஊழியரா காண்ட்ராக்டர் ஆளா, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, சேர்ந்தவர்களில் ஒரு வருடம் கழித்தும் துறையில் இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். பெரும்பாலோர் கிச்சனில் கமி (இளநிலைச் சமையல்காரர்), சர்வீஸில் அசோசியேட் (பரிமாறும் ஊழியர்) என்று கீழிருந்துதான் தொடங்குவார்கள். ஓபராய் ஹோட்டல் குழுமத்தின் பயிற்சி மையமான ஓ.சி.எல்.டி. நடத்துவது போன்ற மேனேஜ்மென்ட் டிரெய்னி பயிற்சியில் இடம் கிடைத்தால் ஏணியில் வேகமாக ஏறலாம், ஆனால் இடங்கள் மிகக் குறைவு, தேர்வு கடினம்.

கப்பல் வேலை, வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டும் கல்லூரிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். குரூஸ் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியிடம் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த, ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தரக் கடல் பணியாளரிடம் கட்டணம் வாங்குவதை 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடை செய்கிறது. மெடிக்கல், பாஸ்போர்ட், சி.டி.சி. (கடல் பணியாளர் அடையாளப் புத்தகம்) செலவு நம்முடையதாக இருக்கலாம். ‘சீட்டுக்கு இவ்வளவு லட்சம்’ என்று கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு, உரிம எண்ணை டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் சரிபாருங்கள்.