சுண்ணாம்புத் தண்ணீரா, இரண்டு போத்தலா: மட்டக்களப்பில் கல்பவளத் தொட்டிக்கு எது தோது?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கல்பவளம் உயிர் பிழைத்து வளரத் தொடங்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அதன் எலும்புக்கூடு முழுக்கக் கல்சியம் காபனேற்று. அதைக் கட்டத் தேவையான கல்சியத்தையும் காரத்தன்மையையும் (கரைந்திருக்கும் காபனேற்று, இருகாபனேற்று) அது தொட்டித் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. காரத்தன்மை 2.8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கும்போது கல்சியம் 20 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 20 பங்கு) அளவில் இறங்கும். கல்சியம் 420இல் நிற்பதால் 20 போனாலும் கண்ணுக்குத் தெரியாது. காரத்தன்மையின் கையிருப்போ எட்டு, ஒன்பது டிகேஎச்தான். முதலில் அடிவாங்குவது அதுதான்.

சிறிய தொட்டிக்காரருக்கு இதை ஈடுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சுண்ணாம்புத் தண்ணீர். சுத்தமான கல்சியம் ஹைட்ரொட்சைட்டை ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டவிட வேண்டும். மற்றது இரண்டு போத்தல் முறை. ஒன்றில் கல்சியம் குளோரைட்டுக் கரைசல், மற்றதில் அப்பச்சோடாக் கரைசல், அல்லது அப்பச்சோடாவை ஓவன் அடுப்பில் சூடாக்கி எடுத்த சோடியம் காபனேற்று. இரண்டையும் தனித்தனியாக அளந்து விட வேண்டும். கல்லடியிலுள்ள என் 200 லீற்றர் தொட்டிக்கு நான் தேர்ந்தது சுண்ணாம்பு. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

விலையில் சுண்ணாம்புதான் மலிவு, அதில் வாதமில்லை. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பையோ கட்டடச் சுண்ணாம்பையோ தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள், அவற்றில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஒரு காலத்தில் நம் கரையோரச் சூளைகளில் பவளப்பாறையை உடைத்து எரித்துத்தான் சுண்ணாம்பு செய்தார்கள். கரையோரத்தில் பவளம் அகழ்வதை 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்தது. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரையில், இன்று சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்க்கிறோம்! அப்புறம் இன்னொன்று. தொட்டிக்கான பவளத்தைப் பாசிக்குடாவிலோ காயான்கேணியிலோ பிடுங்கி வரலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது குற்றம். பண்ணையில் வளர்ந்த துண்டாக இருந்தாலும், எல்லை கடந்து வந்தது என்றால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) அனுமதித் தாள் கேட்டு வாங்குங்கள்.

சரி, எனக்கு முடிவைத் தந்த விடயத்துக்கு வருகிறேன். அது ஆவியாதல்.

சுண்ணாம்பு முறையில், தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறதோ அவ்வளவுதான் உள்ளே விடலாம். கூட விட்டால் தொட்டியின் உப்புத்தன்மை குறைந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த முறையைக் குறை சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான், அங்கே தண்ணீர் அவ்வளவாக ஆவியாவதில்லை. நம் ஊரில் கதையே வேறு. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அறை வெப்பம் 33, 34 பாகைக்குப் போகும். தொட்டியோ 27ஐ ஒட்டி நிற்க வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்க வசதியில்லாத என்னைப் போன்றவர்கள் தண்ணீர்மேல் காற்றாடி வைக்கிறோம். காற்றாடி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். அந்தக் காலத்தில் என் தொட்டியில் நாளுக்கு நான்கு லீற்றர் வரை போய்விடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். தெவிட்டிய (இனிமேல் கரையாத அளவுக்குக் கரைத்த) சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு லீற்றரை 100 லீற்றர் தொட்டியில் விட்டால் காரத்தன்மை ஏறக்குறைய 1.1 டிகேஎச் கூடும், கல்சியம் 8 பிபிஎம் கூடும். இரண்டும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில். என் 200 லீற்றருக்கு நான்கு லீற்றர் என்றால் 2.2 டிகேஎச்சுக்கு மேல். என் பவளங்கள் கேட்பது நாளுக்கு ஒன்று அளவில்தான். அதனால் கச்சான் காலத்தில் பாதிச் செறிவே போதும். மாரி வந்தால் கணக்கு மாறும். கார்த்திகை, மார்கழியில் காற்று ஈரமாக இருக்கும், காற்றாடியும் ஓய்ந்துவிடும், ஆவியாவது ஒன்றரை லீற்றருக்கு இறங்கும். அப்போது முழுச் செறிவில் விட்டாலும் 0.8 டிகேஎச்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு அப்பச்சோடாவைக் கொஞ்சம் கரைத்து விடுகிறேன், கல்சியம் இறங்குவது போலத் தெரிந்தால் குளோரைட்டும் சேரும். அதாவது மாரியில் நானும் பாதி இரண்டு போத்தல்காரன்தான்.

சொட்டவிட மருந்துக்கடையில் விற்கும் சேலைன் குழாயே போதும். வாளியை உயரத்தில் வைத்தால் கரண்ட் போனாலும் சொட்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், காற்றுப் பட்டால் மேலே ஆடை படிந்து சத்து வீணாகும். லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் கரையும், சூடு கூடினால் இன்னும் குறைவாகவே கரையும். அடியில் தங்கும் பால் போன்ற கலங்கலை விட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள். குழாய் அடைத்தால் வினாகிரியில் ஊறவிடுங்கள். அந்தத் தெளிவின் பிஎச் 12ஐத் தாண்டும், ஆகவே ஒரேயடியாக ஊற்றினால் கல்சியம் காபனேற்று வெண்துகளாகப் பிரிந்து தொட்டி வெள்ளை மழையாகிவிடும். தொட்டியின் பிஎச் தானாக இறங்கும் இரவில் மெல்லச் சொட்டவிடுவது நல்லது. தூளைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும்.

இரண்டு போத்தல் முறைக்கு ஆவியாதலோடு சம்பந்தமே இல்லை. அதுதான் அதன் பெரும்பலம். கல்சியத்தை விட்டுவிட்டுக் காரத்தன்மையை மட்டும் உயர்த்தவும் முடியும். கல்முனையில் ஒரு நானா இரண்டு சின்னப் பம்ப் வைத்து அதைத்தான் ஓட்டுகிறார். “வாளி கிளறிக்கொண்டு நிற்க எனக்கு எங்கே தம்பி நேரம்” என்பார். வாரக்கணக்கில் வெளியூர் போகிறவருக்கு அது நியாயம்தான்.

ஆனால் அந்தப் போத்தல்கள் உப்பை விட்டுச் செல்கின்றன. குளோரைட்டும் சோடியமும் பவளத்துக்குத் தேவையில்லை, தண்ணீரிலேயே தங்கும். நாளுக்கு ஒரு டிகேஎச் என்று ஈடுசெய்தால், 200 லீற்றர் தொட்டியில் வருடத்துக்கு ஒன்றரைக் கிலோ சாதாரண உப்புச் சேரும். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் பயமில்லை, ஆனால் அதற்குக் கடலுப்புத் தூள் வேண்டும், அதன் விலையும் தெரியும்தானே. சுண்ணாம்புத் தண்ணீர் தருவது கல்சியமும் காரத்தன்மையும்தான், வேறெதையும் மிச்சம் வைப்பதில்லை. மக்னீசியத்தை மட்டும் எந்த முறையிலும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், 1,300 பிபிஎம் அளவில்.

என்னிடம் இருப்பவை சுத்தியல் பவளமும் மூளைப் பவளமும் இரண்டு தட்டுப் பவளங்களும். மான்கொம்புப் பவளம் நிறைந்த தொட்டியை நான் ஓட்டியதில்லை. அவை வேகமாக வளர்வதால் நாளுக்கு இரண்டு டிகேஎச்சுக்கு மேல் கேட்டால், மாரியில் சுண்ணாம்பு நிச்சயம் எட்டாது. அந்த நிலைக்குப் போகிறவர் ஆரம்பத்திலேயே பம்ப் வாங்கிவிடலாம். அதற்குக் கீழே என்றால், வாளியும் குழாயும், மாரியில் கொஞ்சம் அப்பச்சோடாவும் போதும். முதல் சில வாரங்கள் காரத்தன்மையை நாளும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள், எவ்வளவு செறிவு வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.