அக்காய் எம்பிகே மினி: சத்தமே இல்லாத கீபோர்டு

யூஎஸ்பி கேபிளைச் செருகி ஒரு கீயை அழுத்தினால் ஒன்றும் கேட்காது. பழுதில்லை. எம்பிகே மினி மூன்றாம் பதிப்பில் ஸ்பீக்கரும் கிடையாது, உள்ளே ஒலியும் கிடையாது. 25 கீ, விரலால் தட்ட 8 பேடு, 8 திருகு. எல்லாமே லேப்டாப்புக்குச் சீட்டு எழுதி அனுப்புவதோடு சரி.

நடு சி-யை அழுத்தினால் போகிற சீட்டு மூன்றே பைட்: எந்த சேனல், எந்த நோட் (60), எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் (1 முதல் 127). விரலை எடுத்தால் இன்னொரு சீட்டு. 1983-ல் வந்த மிடி என்பது இதுதான். இரண்டாவது சீட்டு வழியில் தொலைந்தால் நோட் நிற்காமல் கூவிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் பதிவு மென்பொருள்களில் 'ஆல் நோட்ஸ் ஆஃப்' (எல்லா நோட்டையும் நிறுத்து) வைத்திருக்கிறார்கள்.

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் சத்தம் வரவைக்க: டிராக்கை ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), இன்புட்டை மிடிக்கு மாற்றுங்கள் (பலர் மைக் இன்புட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்). பிறகு ஒரு மென்பொருள் வாத்தியம் ஏற்றி, வாசிப்பதை உடனே கேட்க டிராக்கின் மானிட்டரை ஆன் செய்யுங்கள். அழுத்தியதற்குப் பின்தங்கி ஒலித்தால் குற்றம் கீபோர்டில் இல்லை, பஃபரில் (லேப்டாப் ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவு). 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் அதிலேயே 23 மில்லிசெகண்டு போய்விடும். 128 என்றால் 3 தான். பொரியும் சத்தம் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

நீலகிரி மலையில் இதன் அருமை ஆனி, ஆடியில் தெரியும். கூடலூர்ப் பக்கம் தகரக் கூரையில் மழை இறங்கினால் மைக் பதிவு அத்தோடு முடிந்தது. குரலோடு மழையும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. மிடி சீட்டில் மழை ஏறாது. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியே இதற்கும் போதும். ஐந்து கட்டையில் வாசித்தது பாடுகிறவருக்கு எட்டவில்லையா? நோட்டுகளை மொத்தமாகத் தேர்ந்து ஒரு படி இறக்கினால் நாலரை. ஆடியோவை அப்படி இறக்கினால் தரம் கொஞ்சமாவது அடிபடும்.

4 நிமிடப் பாட்டு ஸ்டீரியோ வேவ் ஆடியோ கோப்பாக (16 பிட், 44.1) சுமார் 42 எம்பி. மிடியாக சில பத்து கேபி. சிக்னல் ஒரு கோடு காட்டுகிற எஸ்டேட்டில் மிடியையே அனுப்பத்தான் கை போகும். அனுப்பினால், நீங்கள் மென்பொருள் வீணை வைத்து வாசித்தது அங்கே பியானோவாக ஒலிக்கும். சீட்டு போனது, வாத்தியம் போகவில்லை. முடிந்த பாட்டை வேவாக ரெண்டர் செய்து (ஆடியோவாக மாற்றி) அனுப்புங்கள்; திருத்த வேண்டியவருக்கு மட்டும் மிடியும் கூட.

குறைகளும் உண்டு. கீகள் சின்னவை, இரண்டு கைக்கு இடமில்லை. சுருதி வளைக்கச் சக்கரத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் குச்சி. விட்டதும் நடுவுக்குத் துள்ளும். கமகம் தேடுபவருக்கு எரிச்சல்தான். ஐந்து முள் மிடி துளையும் இல்லை, ஆகவே பழைய சின்தசைசரை நேராக இயக்க முடியாது. நோட்டை நீட்டும் சஸ்டெயின் பெடலுக்குத் துளை இருப்பது ஆறுதல்.

சர்ச் குழுவுக்குப் பின்னணி அமைப்பவர் தயங்காமல் வாங்கலாம். கோத்தர் ஊதும் குழலையோ படகர் பாட்டையோ பதிய வேண்டுமென்றால் இது எதற்கும் உதவாது: அந்த ஊதலின் மூச்சும் இழைவும் 127 எண்ணுக்குள் அடங்காது. அந்தக் காசை மைக்கிலும், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலும் போடுங்கள், மழை ஓய்ந்த தை மாசியில் பதியுங்கள்.