மேசை விளக்குக்கு எது: குண்டு பல்பா, எல்.இ.டி.யா?

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை எல்.இ.டி. ஏறத்தாழ 9 வாட்டில் தந்துவிடுகிறது. சிக்கனத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சூடுதான். குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வெப்பமாகவே வெளியேற்றுகிறது. 40 வாட்டுக்கு மேல் கூடாது என்று குறித்திருக்கும் ஹோல்டரில் 100 வாட் பல்பைப் பொருத்தினால் வயரின் உறை கருகலாம். துணி மறைப்போ காகித மறைப்போ தீப்பிடிக்கவும் கூடும். குழந்தையின் கைக்கு எட்டும் விளக்கில் குண்டு பல்பை நான் ஒருபோதும் மாட்ட மாட்டேன்.

எல்.இ.டி.க்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் அடிப்பகுதியிலுள்ள மின்னணுச் சுற்றுக்குச் சூடு ஆகாது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். மூடிய விளக்குக்கு ஏற்றதா என்று அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அதற்கேற்ற வகை வேண்டும். ஓவனுக்குள் எரியும் விளக்குக்கு மட்டும் சூட்டைத் தாங்கும் தனி வகைக் குண்டு பல்பே பொருந்தும்.